டிசிடி கார்: பெங்களூரு நெரிசலில் கிளட்ச்சைக் கருக்காமல் ஓட்டும் முறை

டிசிடி (டூயல் கிளட்ச் டிரான்ஸ்மிஷன், அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) காரில் இடது காலுக்கு வேலை இல்லையே தவிர, உள்ளே கிளட்ச் இருக்கிறது, அதுவும் இரண்டு. மேனுவல் காரில் இருக்கும் அதே மாதிரி தேயும் தட்டுகள்தான். உங்கள் கால் செய்த வேலையை ஒரு கம்ப்யூட்டரும் மோட்டாரும் (சில கார்களில் ஹைட்ராலிக்கும்) செய்கின்றன. டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் சுழல்கிறது. அது வழுக்குவதற்கென்றே செய்யப்பட்டது. நாள் முழுக்க ஊர்ந்தாலும் கவலையில்லை. டிசிடியில் ஊர்ந்தால், யாரோ ஒருவர் உங்களுக்காக ஹாஃப் கிளட்ச் (பாதி பிடித்து, பாதி வழுக்கும் நிலை) பிடித்துக்கொண்டே இருக்கிறார் என்று பொருள். சில்க் போர்டு, டின் ஃபேக்டரி சந்திப்புகளில் கியர்பாக்ஸ் சூடாவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். வெர்னா, கிரெட்டா, செல்டோஸ் ஆகியவற்றின் 1.5 டர்போ பெட்ரோலில் வரும் 7 ஸ்பீடு டிசிடியும், ஸ்லாவியா, குஷாக், விர்டஸ், டைகுன் ஆகியவற்றின் 1.5 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) எஞ்சினோடு வரும் 7 ஸ்பீடு டிஎஸ்ஜியும் (டிசிடிக்கு ஃபோக்ஸ்வாகன் குழுமம் வைத்த பெயர்) உலர் கிளட்ச் வகை. அதாவது கிளட்ச் தட்டைக் குளிர்விக்கக் காற்று மட்டும்தான். ஆல்ட்ராஸ், நெக்ஸான் கார்களில் டாடா ‘டிசிஏ’ என்று சொல்வது ஈரக் கிளட்ச். தட்டுகள் ஆயிலில் நனைந்தபடி வேலை செய்யும், சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே கார்களில் 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் எடுத்திருந்தால் அது டார்க் கன்வர்ட்டர். கீழே சொல்வதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. உலர் கிளட்ச்காரர்கள் ஒரு வரியும் விடாமல் படியுங்கள்.

கியர் மாறும்போது உள்ளே நடப்பது

குழாய்க்குள் கம்பி போல, ஒரு ஷாஃப்டுக்குள் இன்னொரு ஷாஃப்ட். ஒன்றில் 1, 3, 5, 7. மற்றதில் 2, 4, 6. ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் தனிக் கிளட்ச். நீங்கள் 1-ஆம் கியரில் கிளம்பும்போதே அடுத்த ஷாஃப்டில் 2-ஆம் கியர் பல்லில் விழுந்து காத்திருக்கும். அதன் கிளட்ச் மட்டும் திறந்திருக்கும். மாற வேண்டிய நேரத்தில் ஒரு கிளட்ச் விடுகிறது, மற்றது பிடிக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறைப்பவரின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். கீழ்க்கை கயிற்றைப் பிடித்த பிறகுதான் மேற்கை விடும்; வாளி ஒரு கணமும் தொங்கி நிற்காது. டிசிடியில் கியர் மாறுவது தெரியாமல் இருப்பது அதனால்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காத்திருக்கும் கியர் எது என்பது கம்ப்யூட்டரின் ஊகம். ஆக்ஸிலரேட்டர் நிலை, வேகம், பிரேக், சாலையின் சரிவு எல்லாவற்றையும் பார்த்து, வேகம் கூடினால் மேல் கியரையும் குறைந்தால் கீழ் கியரையும் அது தயார் செய்து வைக்கிறது. ஊகம் சரியென்றால் வெண்ணெய். தவறென்றால் தயாராக வைத்ததைக் கழற்றி, வேறு பல்லை மாட்டி, அதன் பிறகே கிளட்ச் மாற முடியும். அந்தத் தயக்கத்தையும் உலுக்கலையும்தான் “கியர்பாக்ஸ் குழம்புது” என்கிறோம். ஓட்டுபவர் முடிவை மாற்றிக்கொண்டே இருந்தால் அதுவும் குழம்பத்தான் செய்யும்.

ஊர்தல்: நடப்பவர் வேகம்தான் அளவுகோல்

எஞ்சின் ஐட்லிங்கில் சுமார் 800 ஆர்பிஎம் சுழல்கிறது. 1-ஆம் கியரில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால், அந்தச் சுழற்சிக்கு இந்த வகைக் கார்கள் ஏறத்தாழ 6 கி.மீ. வேகத்தில் போகும். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் கிளட்ச் வழுக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். 2-ஆம் கியரில் அந்த எல்லை 10 கி.மீ. பக்கம்.

6 கி.மீ. என்பது வேகமாக நடக்கிற மனிதரின் வேகம். எனவே மீட்டரைப் பார்க்க வேண்டாம், ஓரத்தைப் பாருங்கள். நடைபாதையில் போகிறவர் உங்கள் காரோடு சமமாக வருகிறார், அல்லது முந்திக்கொண்டு போகிறார் என்றால் உங்கள் கிளட்ச் தேய்ந்துகொண்டிருக்கிறது. அவரைத் தாண்டிப் போகிறீர்கள் என்றால் பிடித்துவிட்டது.

ஒரு முறை ஊர்வதை நெருக்கத்தில் பார்ப்போம். முன்னால் இருக்கும் கார் மூன்று மீட்டர் நகர்கிறது. நீங்கள் பிரேக்கைத் தளர்த்துகிறீர்கள். கம்ப்யூட்டர் 1-ஆம் கியர் கிளட்ச்சைத் தொட்டும் தொடாத நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆர்பிஎம் முள் இம்மி இறங்கும், ஸ்டியரிங்கில் மெல்லிய அதிர்வு தெரியும். கார் உருள்கிறது. தட்டு முழுதாகப் பிடிப்பதற்குள் முன்காரின் சிவப்பு விளக்கு எரிகிறது, பிரேக் அழுத்துகிறீர்கள், கிளட்ச் திறக்கிறது. இந்த மூன்று மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்கூடக் கிளட்ச் முழுப் பிடியில் இல்லை. முழுக்க உராய்வு.

இப்படியே 5 கி.மீ. நெரிசலைக் கடந்தால் 1,600-க்கும் மேற்பட்ட ஹாஃப் கிளட்ச். அதே தூரத்தைப் பதினைந்து பதினைந்து மீட்டராகத் தாண்டினால் சுமார் 330. அதிலும் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு மூன்று மீட்டர்தான் வழுக்கல், மீதி முழுப் பிடி. போய்ச் சேரும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவே. முன்கார் நகர்ந்ததும் நகராதீர்கள். மூன்று கார் நீளம் இடம் விழும்வரை பிரேக்கில் அழுத்தமாக நில்லுங்கள். பிறகு பிரேக்கை முழுதாக விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தயங்காமல் லேசாகக் கொடுத்து, 8–10 கி.மீ. வேகத்தை எட்டி, பிடித்த பிடியில் உருளுங்கள். அந்த இடைவெளியில் ஆட்டோ நுழையும். நுழையட்டும், ஒரு ஆட்டோவின் நீளம் கிளட்ச் தட்டைவிட மலிவு. பின்னால் ஹாரன் அடிப்பவருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் பாதி விட்டுப் பாதி பிடித்து ஊர்ந்தால் கியர்பாக்ஸுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. பாதி பிரேக் என்பது கிளட்ச்சை வழுக்கலிலேயே வைத்திருக்கும் கட்டளை. போனால் போங்கள், நின்றால் நில்லுங்கள். நடுவே தொங்குவதுதான் கெடுதல்.

எம் மோடில் 1-ஆம் கியர்

மாரத்தஹள்ளி பக்கம் மாலை ஆறு மணிக்கு வண்டிகள் 8-க்கும் 14-க்கும் இடையே ஏறி இறங்கும். இங்கே ‘டி’-யில் (வழக்கமான டிரைவ் நிலை) விட்டால், எரிபொருளை மிச்சம் பிடிக்கும் ஆசையில் கியர்பாக்ஸ் சீக்கிரமே 2-க்குப் போகும். உடனே வேகம் குறையும், 2-இல் வழுக்கும், மறுபடி 1. இந்த 1-2-1 ஆட்டம்தான் தேய்மானத்துக்கும் உலுக்கலுக்கும் பெரிய காரணம். லீவரை எம் (கியரை நாமே தேர்ந்தெடுக்கும் மேனுவல் மோடு) பக்கம் தள்ளி, அல்லது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இடது பேடிலை இழுத்து, 1-இலேயே வைத்துக்கொள்ளுங்கள். 7-இலிருந்து 18 கி.மீ. வரை 1-ஆம் கியர் தாராளமாக இழுக்கும், கிளட்ச் பூட்டியபடி இருக்கும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கூடும், பெட்ரோலும் கொஞ்சம் கூடும். அந்தச் செலவு ஏற்கத்தக்கதே. வேகம் 20-ஐத் தாண்டியதும் டி-க்குத் திரும்புங்கள்; 40-இல் 1-ஆம் கியரில் அலறவிடுபவர்களும் உண்டு.

எஸ் (ஸ்போர்ட்) மோடும் 1-ஐ அதிக நேரம் பிடித்துவைக்கும், ஆனால் ஆக்ஸிலரேட்டரை முரட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளும். நெரிசலுக்கு எம்தான் சரி. எஸ்-ஐ ஓவர்டேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னலில் நிற்பது

பிரேக்கை அழுத்தமாக மிதித்து டி-யிலேயே நிற்கலாம். இந்த உலர் கிளட்ச்கள் இயல்பிலேயே திறந்திருப்பவை. பிடிக்க வைக்கத்தான் விசை வேண்டும். எனவே முழு பிரேக்கில் நிற்கும்போது கிளட்ச் சும்மா இருக்கிறது. ஒவ்வொரு சிக்னலிலும் நியூட்ரலுக்குப் (என்) போய்த் திரும்புவதால் கியர்பாக்ஸுக்கு லாபமில்லை. இரண்டு மூன்று நிமிடம் நிற்கும் பெரிய சந்திப்பில் கால் வலித்தால் என் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். திரும்ப டி போட்டபின் ஒரு நொடி பொறுத்து ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். ஆட்டோ ஹோல்ட் (நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துவைக்கும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள்: அது ஊர்தலையே நிறுத்திவிடும், நீங்கள் ஆக்ஸிலரேட்டரைத் தொட்ட பிறகே கிளட்ச் வேலைக்கு வரும்.

வேகத்தடைதான் உலுக்கலின் தாய்வீடு

லேஅவுட் தெருக்களில் ஐம்பது அடிக்கு ஒரு ஹம்ப். கார் 2-ஆம் கியரில் உருண்டு வந்து 7 கி.மீ.க்கு இறங்குகிறது. நிற்கப் போகிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கிளட்ச்சைத் திறந்து 1-ஐத் தயார் செய்கிறது. சரியாக அந்தக் கணத்தில் முன்சக்கரம் ஹம்ப்பைத் தாண்டியதென்று நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். அரை நொடி ஒன்றுமே நடக்காது. பிறகு ‘டக்’கென்று பிடிக்கும். கார் கெட்டுவிட்டதென்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

வேகத்தை ஹம்ப்புக்கு முன்பே குறைத்துவிடுங்கள். ஏறும்போது பிரேக்கிலிருந்து கால் வந்துவிட்டிருக்க வேண்டும். பின்சக்கரமும் இறங்கிய பிறகு ஆக்ஸிலரேட்டரை முதலில் நூல் அளவு தொட்டு, கிளட்ச் பிடித்ததை உணர்ந்து, அப்புறம் மிதியுங்கள். உயரமான ஹம்ப் என்றால் முன்கூட்டியே பேடிலில் 1-க்கு இறக்கிவிடுவது இன்னும் மென்மை.

பேஸ்மென்ட் ஏற்றம்

மால்களிலும் ஐடி பார்க்குகளிலும் மாலையில் இரண்டு மூன்று தளப் பேஸ்மென்ட்டிலிருந்து வரிசையாகக் கார்கள் ஏறும். ஓர் உலர் கிளட்ச்சை ஐந்தே நிமிடத்தில் கருக்க இதைவிட நல்ல இடம் இல்லை. செங்குத்தான வளைவு, முன்னால் டிக்கெட் கவுன்டர், ஒவ்வொரு காராக நகர்வு.

1. ஏற்றத்தில் ஏறுவதற்கு முன் சமதளத்திலேயே நில்லுங்கள். முன்கார் மேலே வளைவைத் தாண்டும்வரை காத்திருங்கள்.
2. எம் மோடில் 1-ஆம் கியர் போடுங்கள்.
3. பிரேக்கை விட்டதும், கார் பின்னால் உருளாமல் தடுக்கும் ஹில் ஹோல்ட் இரண்டு மூன்று நொடிதான் பிடிக்கும். அதற்குள் ஆக்ஸிலரேட்டரை உறுதியாகக் கொடுத்து, ஒரே மூச்சில் 8 கி.மீ.க்கு மேல் கொண்டுபோங்கள்.
4. நடுவில் நிற்க நேர்ந்தால் பிரேக்கில் நில்லுங்கள். ஆக்ஸிலரேட்டரால் காரை ஏற்றத்தில் நிறுத்தி வைக்காதீர்கள், ஐந்து நொடிக்குக்கூட.

நாலாவதை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். ஏற்றத்தில் கார் அசையாமல் நிற்கிறது, எஞ்சின் 1,500-இல் சுழல்கிறது என்றால், எஞ்சின் கொடுக்கும் அவ்வளவு சக்தியும் சூடாகத் தட்டில் இறங்குகிறது. கருகிய நாற்றம் வருவது அப்போதுதான். வீட்டு கேட்டில் செங்குத்தாகச் சிமென்ட் சாய்வு போட்டிருப்பவர்களுக்கும் இதே விதி: கேட்டை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, ஒரே ஓட்டமாக உள்ளே. ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக ஏற்றுவது ஆகாது.

சூடு எச்சரிக்கை வந்தால் டிஸ்ப்ளே சொல்வதைக் கேளுங்கள். ஹூண்டாய், கியா கார்களில் முதலில் பிரேக்கை மிதிக்கச் சொல்லும். மிஞ்சினால் பத்திரமாக ஓரங்கட்டி, எஞ்சினை ஓடவிட்டு பி-யில் (பார்க்கிங்) வைக்கச் சொல்லும். அடுத்த செய்தி வரும்வரை நகராதீர்கள். அவசரப்பட்டு எஞ்சினை அணைத்தால், சுழன்று காற்றைத் தள்ளும் பாகங்களும் நின்றுவிடும். மற்ற தயாரிப்புகளில் செய்முறை சற்று வேறுபடும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் படித்து வைத்திருங்கள்.

ஓவர்டேக்: முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

வெள்ளி இரவு ஒசூர் ரோட்டில் அத்திப்பள்ளி டோலைத் தாண்டிக் கிருஷ்ணகிரி பக்கம் போகும்போது, 80-இல் 6-ஆம் கியரில் லாரியின் பின்னால் இருக்கிறீர்கள். சட்டென்று பாதத்தை இறக்கினால் கியர்பாக்ஸ் யோசிப்பது போலத் தோன்றும். 6-இலிருந்து 3 என்றால் வேறு ஷாஃப்ட், நேரே தாவலாம். 6-இலிருந்து 4 என்றால் இரண்டும் ஒரே ஷாஃப்ட். 6-ஐக் கழற்றாமல் 4-ஐ மாட்ட முடியாது. இடையில் 5 வந்து சுமையைத் தாங்க வேண்டும். மேலும் அதுவரை நீங்கள் வேகம் கூட்டிக்கொண்டிருந்தால் தயாராக இருப்பது 7.

எனவே வலது பக்கம் ஒதுங்குவதற்கு முன்பே, லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே, இடது பேடிலை இரண்டு முறை தட்டி 4-க்கு வந்துவிடுங்கள், அல்லது எஸ் போடுங்கள். எதிரே இடம் தெரிந்ததும் மிதித்தால் தயக்கமே இருக்காது. பேடில் இல்லாத கார் என்றால் ஆக்ஸிலரேட்டரை இரு கட்டமாகக் கொடுங்கள்: முதலில் பாதி, கியர் இறங்கியதும் மீதி. ஒரேயடியாகத் தரைவரை மிதித்தால் அது தேவைக்கு மேல் இறங்கி, அலறி, மீண்டும் ஏறும்.

மலைப்பாதை

நந்தி மலையானாலும், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் ஏற்காடானாலும் ஒரே பாடம். வளைவுக்கு முன் எம்-இல் 2-க்கு இறங்கி, வளைவு முடியும்வரை அதிலேயே இருங்கள். டி-யில் விட்டால் வளைவின் நடுவே 3-க்கு ஏறி மூச்சு வாங்கும். எதிரே பஸ் இறங்கினால் வளைவுக்குக் கீழேயே நின்று வழிவிடுங்கள்; அதன் பின்னாலேயே அங்குலம் அங்குலமாக ஏற வேண்டாம்.

இறக்கத்தில் 2 அல்லது 3-இல் எஞ்சின் பிரேக்கிங் தாராளமாகப் பயன்படுத்தலாம். கிளட்ச் பூட்டியிருப்பதால் அதற்குத் தேய்மானம் இல்லை, பிரேக்கும் தப்பிக்கும். என்-இல் உருட்டினால் மிச்சம் எதுவும் இல்லை. காலை எடுத்தபடி கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு எரிபொருளே போவதில்லை.

சரிவில் பார்க் செய்யும்போது வரிசை முக்கியம்: பிரேக், என், ஹேண்ட்பிரேக், பிரேக்கைத் தளர்த்திக் கார் உட்கார்ந்ததும் பி. நேரே பி போட்டுக் காலை எடுத்தால் மொத்த எடையும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். மறுநாள் எடுக்கும்போது ‘தடக்’ என்று சத்தம் கேட்கும்.

எது கோளாறு, எது இயல்பு

நிற்கப் போகும்போது 2-இலிருந்து 1-க்கு இறங்கும் மெல்லிய ‘கிளிக்’, மோசமான சாலையில் உலர் கிளட்ச் பெட்டியிலிருந்து வரும் லேசான உலோகச் சத்தம் ஆகியவற்றோடு வாழலாம். கிளம்பும்போது காரே நடுங்குவது, ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாதது, திடீரென்று பாதிக் கியர்கள் காணாமல் போவது ஆகிய மூன்றும் அப்படியல்ல.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கிளட்ச்சோ ஷாஃப்டோ பழுதானால் கம்ப்யூட்டர் அதை ஒதுக்கிவிட்டு மற்றதை வைத்து வீடு சேர்க்கப் பார்க்கும். அப்போது 1, 3, 5, 7 மட்டும் இருக்கும், அல்லது 2, 4, 6 மட்டும். கார் 2-ஆம் கியரில் முக்கி முனகிக் கிளம்பினால் ஒற்றைப்படை ஷாஃப்ட் போயிருக்கிறது என்று நீங்களே ஊகிக்கலாம். ஸ்லாவியா வகை டிஎஸ்ஜியில் ரிவர்ஸ், இரட்டைப்படை ஷாஃப்டோடு சேர்ந்தது. அது போனால் ரிவர்ஸும் போகும். மெக்கானிக்கிடம் எந்தக் கியர்கள் விழுந்தன, எவை விழவில்லை, வண்டி சூடாக இருந்ததா என்று குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. இழுத்துச் செல்ல வேண்டுமானால் ஃப்ளாட்பெட் (காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் வண்டி) மட்டும். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள்.

லேசான நடுக்கம் என்றதும் கிளட்ச் செட்டை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் பேட்டரி வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள்; பலவீனமான பேட்டரி பொய்யான கியர்பாக்ஸ் எச்சரிக்கைகளைக் கிளப்பும். அடுத்து ஸ்கேனரில் கிளட்ச் அடாப்டேஷன். தட்டு தேயத் தேயப் பிடிக்கும் புள்ளி நகர்கிறது. அதைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுப்பதுதான் அது. அதன் பிறகும் நடுங்கினால், தட்டில் மீதியிருக்கும் தேய்மான அளவை ஸ்கேனரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஆயில் விஷயத்தில் இரு வகையும் ஒன்றல்ல. ஈரக் கிளட்ச்சில் தட்டின் தூசு ஆயிலில் கலக்கும், அதனால் ஆயிலையும் ஃபில்டரையும் காலம் தவறாமல் மாற்றியே ஆக வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் பழைய 6 ஸ்பீடு ஈர டிஎஸ்ஜிக்கு அது 60,000 கி.மீ.க்கு ஒரு முறை. 7 ஸ்பீடு உலர் டிஎஸ்ஜியில் பற்சக்கரங்களுக்கு இருப்பது 1.7 லிட்டர்தான், அது கிளட்ச்சைத் தொடுவதில்லை. “கியர் ஆயில் மாத்தினா நடுக்கம் போயிடும் சார்” என்று உலர் கிளட்ச் காருக்கு யாராவது பில் போட வந்தால், அந்த ஆயில் எந்த வழியாகக் கிளட்ச்சுக்குப் போகிறது என்று கேளுங்கள்.